ஏசிக்குள் மூன்றாம் பாத்தி

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு, மரக்காணத்து உப்பள மேஸ்திரி தனக்கோடி தன் வீட்டு ஏசிக்குள் வெள்ளை கட்டியிருப்பதைப் பார்த்தார். வேறு யாராக இருந்தாலும் பதறியிருப்பார்கள். தனக்கோடிக்குப் பூரிப்புதான் வந்தது. முப்பது வருஷமாக, உப்பு விளைந்து எப்போது வெள்ளை கட்டும் எப்போது வெள்ளை கட்டும் என்று பாத்தி வரப்பில் காத்துக் கிடந்த மனுஷர் அவர். வெள்ளை கட்டினால் அன்றைக்கு நல்ல நாள் என்பதைத் தவிர அவருக்கு வேறு பாடம் தெரியாது.

“அம்சா! ஓடியா, வந்து பாரு. இன்னா ஜோரா கட்டியிருக்குது!”

அவர் மனைவி அம்சவள்ளி தோசைத் திருப்பியோடு வந்து எட்டிப் பார்த்தாள். ஏசியின் வாய் வழியாக உள்ளே தெரிந்த கம்பிகளெல்லாம் வெள்ளையாக மூடிக் கிடந்தன.

“ஏங்க, ஐஸ்ஸு மாதிரி இருக்குதே?”

“ஐஸ்ஸேதான். மாட்டி அஞ்சு நாளுகூட ஆவல, அதுக்குள்ள ஐஸே போடுதுன்னா எவ்ளோ நல்ல மிஷினு!”

நல்ல மிஷின் பத்து மணிக்கெல்லாம் வெறும் பெருமூச்சு விட ஆரம்பித்தது. பதினொரு மணிக்குச் சுவரோரமாகத் தண்ணீர் ஒழுகி, கீழே மாட்டியிருந்த காலண்டரில் சித்திரை மாதம் முழுவதும் ஊறிப்போனது. கட்டிலில் படுத்திருந்த மகள் கீதாஞ்சலி, எட்டு மாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து கூடத்து மின்விசிறிக்குக் கீழே போய் உட்கார்ந்தாள். அப்போதுதான் தனக்கோடியும் பதறினார்.

அதற்குக் காரணம் உண்டு. அந்த ஏசி வெயிலுக்காக வாங்கியதில்லை, சம்பந்திக்காக வாங்கியது. கீதாவின் மாமியார் சரஸ்வதி திண்டிவனத்துக்காரர். கணவர் காலமாகிவிட்டார், ஒரே மகன் சரவணகுமார் சென்னையில் வேலை பார்த்துக்கொண்டு வாரக் கடைசியில்தான் வீட்டுக்கு வருவான். ஆகையால் அந்த வீட்டில் எல்லா உத்தரவும் சரஸ்வதியுடையதே. வளைகாப்பு முடிந்து, தலைப்பிரசவத்துக்கு மகளை அழைத்துப்போகத் தனக்கோடி நின்றபோது, அந்தம்மா வந்திருந்த அத்தனை பேர் காதிலும் விழும்படி ஒரு வெடியைப் போட்டார். “கத்திரி வெயிலு வரப் போவுது. எங்க வூட்ல கீதா ஏசிலதான் தூங்குது. உங்க வூட்ல ஏசி இருந்தா கூட்டினு போங்க. இல்லன்னா பிரசவம் இங்கயே ஆவட்டும், நான் பாத்துக்கறேன்.”

தலைப்பிரசவத்துக்குப் பெண்ணை அனுப்ப மாட்டேன் என்று நேராகச் சொன்னால் ஊர் சிரிக்கும். ஏசி என்று சொன்னால் யாரும் சிரிக்க மாட்டார்கள், அக்கறை என்பார்கள். அந்தம்மா கெட்டிக்காரி.

தனக்கோடி மறுவாரமே ஏசி வாங்கினார். கீதா பிறந்த அன்று அவர் பாத்தியில் இருந்தார். பருவம் தப்பி மழை பிடித்துக்கொண்டது. குவித்திருந்த உப்பை மூட ஓலையும் தார்ப்பாயும் தேடி அலைந்ததில், மூன்றாம் நாள்தான் மகள் முகத்தைப் பார்த்தார். அம்சவள்ளி இன்றைக்கும் சண்டை வந்தால் அந்தக் கதையைத்தான் எடுப்பாள். மகளுக்குக் குழந்தை பிறக்கும்போது ஆஸ்பத்திரி வாசலில் முதல் ஆளாக நிற்க வேண்டும், துணியில் சுற்றிக் கொண்டுவரும் பிள்ளையை முதலில் தன் கையில் வாங்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. வெளியே சொன்னதில்லை. சொல்லாத ஆசைதான் ஆளை அதிகம் படுத்தும்.

சரஸ்வதி ஒரு நிபந்தனையோடு திங்கட்கிழமை கீதாவை அனுப்பி வைத்தார். ஞாயிற்றுக்கிழமை தானே நேரில் வந்து பார்ப்பார். சௌகரியம் இல்லையென்றால் கையோடு கூட்டிப்போய்விடுவார்.

இனி, தனக்கோடி செய்த காரியத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது.

ஏசியை மாட்ட வந்தவர் சுவரில் துளை போட்டுக்கொண்டே சும்மா ஒரு வார்த்தை சொன்னார். “கடலோரம் பாருங்க, ஈரம் ஜாஸ்தி. ஏசி குளிரும் குடுக்கணும், ஈரத்தையும் உறிஞ்சணும். இங்க அதுக்கு ரெட்டை வேலை.” அவர் சொல்லிவிட்டு அடுத்த வீட்டு வேலைக்குப் போய்விட்டார். சொன்னது தனக்கோடியின் மண்டைக்குள்ளேயே தங்கிவிட்டது. ஈரத்தை உறிஞ்சுவதற்கு உப்பைவிட மேலான பொருள் உலகத்தில் உண்டா? மூட்டையை இரண்டு நாள் வெறும் தரையில் போட்டால் தண்ணீர் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்குமே. ஈரத்தை உப்பு குடித்துவிட்டால் ஏசி குளிரை மட்டும் பார்த்துக்கொள்ளலாம் அல்லவா?

அம்சவள்ளி கடைத்தெருவுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, பழைய வேட்டியைக் கிழித்து, சாக்கு தைக்கும் கோணி ஊசியால் தலையணை மாதிரி தட்டையாக ஒரு பை தைத்தார். அதில் இரண்டு படி உப்பைப் பரப்பினார். அதுவும் கண்ட உப்பில்லை, மூன்றாம் பாத்தி உப்பு. அவர் வேலை பார்க்கும் அளத்திலேயே கசப்பில்லாமல், கல்கண்டாட்டம் மணிமணியாக விளைவது அந்தப் பாத்தியில்தான். மாட்ட வந்தவர் திறந்து காட்டியபடியே ஏசியின் முன்மூடியைத் தூக்கி, பில்டர் வலைக்குப் பின்னால் பையைச் செருகி மூடினார். யாரிடமும் மூச்சு விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை சம்பந்தியம்மாள் வந்து குளிரைப் பார்த்து வாய் பிளக்கும்போது, “அது ஒரு சின்ன யோசனைங்க” என்று பொதுவாகச் சொல்லிவிட்டு மீசையைத் தடவிக்கொள்ள இருந்தார்.

ஐஸ் கட்டியதும் அவர் என்ன நினைக்க வேண்டும்? பையை எடுத்துப் பார்ப்போம் என்று நினைக்க வேண்டும். தனக்கோடி, ஒரு பை போதவில்லை என்று நினைத்தார். புதன்கிழமை மத்தியானமே இரண்டாவது பை தைத்து உள்ளே வைத்தார்.

வியாழக்கிழமை ஐஸ் விரல் கனம் ஏறியது. வெள்ளையைக் கண்டால் சுரண்டாமல் இருக்க உப்பளத்துக்காரன் கைக்கு முடியாது. தோசைத் திருப்பியை எடுத்துக்கொண்டு ஸ்டூல் மேல் ஏறிவிட்டார். இரண்டு சுரண்டு சுரண்டியதும், கம்பிகளுக்கு நடுவில் இருந்த மெல்லிசுத் தகடுகள் தாளைப்போல மடங்குவதைப் பார்த்துப் பயந்து இறங்கினார். ஏசியின் குளிரைப் பதினாறில் வைத்துப் பார்த்தார். ஐஸ் இன்னும் வேகமாகக் கட்டியது, காற்று நின்றே போனது. கீதா கூடத்திலேயே பாயை விரித்துக்கொண்டாள்.

“பரவால்லப்பா. எனக்கு பேனே போதும்” என்றாள்.

“உனக்குப் போதும்மா. உங்க அத்தைக்குப் போதுமா?”

வெள்ளிக்கிழமை அவர் மேரிசெல்விக்குப் போன் போட்டார். கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுக இருக்கும் விடுதிகளிலெல்லாம் ஏசி பார்ப்பவள் மேரிசெல்விதான். முப்பது வயதுப் பெண், ஐடிஐ படித்தவள். ஸ்கூட்டரில் ஏணியைப் பக்கவாட்டில் கட்டிக்கொண்டு அவள் வந்தால் லாரிகூட ஒதுங்கிப் போகும்.

“சனிக்கெழம பன்னண்டு மணிக்கு வரேங்கய்யா. அதுவரிக்கும் ஏசிய நிறுத்தி வைங்க. ஐஸ்ஸோட ஓட்டாதீங்க. கத்தி, கரண்டி எதையும் வச்சுக் குத்திடாதீங்க.”

“சேச்சே, கரண்டியா!” என்றார் தனக்கோடி. தோசைத் திருப்பி கரண்டி ஆகாது என்பது அவர் கணக்கு. நிறுத்தி வைக்கவும் அவருக்கு மனம் வரவில்லை, ஒருவேளை தானே சரியாகிவிட்டால்? விடிய விடிய ஓடவிட்டார்.

சனிக்கிழமை காலையில் திடீரென்று ஒரு ஞானம் வந்தது. மேரிசெல்வி மூடியைத் திறப்பாள். திறந்தால் இரண்டு பையும் பல்லைக் காட்டும். விஷயம் சாலை நெடுகப் போகும். பன்னிரண்டு மணிக்குத்தானே வருவாள் என்று பத்து மணிக்கு ஏசியை நிறுத்திவிட்டு ஸ்டூலில் ஏறினார். முதல் பையை உருவி, குளியலறை வாளிக்குள் போட்டு மேலே துண்டைப் போட்டு மூடிவிட்டு வந்தார். இரண்டாவது பை ஐஸோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. இழுத்துப் பிடுங்கவும் வாசலில் ஸ்கூட்டர் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. மேரிசெல்வி வாழ்க்கையிலேயே முதல் தடவையாக இரண்டு மணி நேரம் முன்னால் வந்திருந்தாள்.

பில்டரை அதனிடத்தில் போட்டு மூடுவதற்குத்தான் நேரம் இருந்தது. சொதசொதவென்று ஊறிய பையைச் சட்டைக்குள் விட்டு, வேட்டி மடிப்பில் சொருகிக்கொண்டு, ஒரு கையால் வயிற்றை அணைத்தபடி தனக்கோடி கீழே இறங்கினார். உப்புத் தண்ணீரின் ஜில்லிப்பு தொப்புளில் இறங்கியபோது அவர் முகம் போன போக்கை மேரிசெல்வி வரவேற்பு என்று எடுத்துக்கொண்டாள்.

அவள் மூடியைத் திறந்தாள். ஐஸைப் பார்த்தாள். பில்டரை உருவி வெளிச்சத்தில் பிடித்தாள்.

“பில்டர் சுத்தமா இருக்குது. அடைப்பு இல்ல. எத்தினில வைக்கறீங்க?”

“இருபத்தி நாலு” என்றார் பதினாறில் வைத்தவர்.

“ரொம்ப நேரம் ஐஸ்ஸோட ஓட்டுனீங்களா?”

“அஞ்சு நிமிஷம்.”

“உள்ள எதுனா வச்சீங்களா? சுரண்டுனீங்களா?”

“நான் எதுக்கும்மா சுரண்டப் போறேன்?” தனக்கோடி மடங்கிய தகடுகள் இருக்கும் பக்கம் பார்க்கவே இல்லை.

டாக்டரிடம் பொய் சொல்கிறவனுக்குத் தப்பான மருந்துதான் கிடைக்கும். மேரிசெல்வி குளிரை அணைத்து, விசிறி மட்டும் ஓடும்படி வைத்தாள். “ஐஸ் தானா கரையட்டும். ஒரு மணி நேரம் ஆவும். அப்புறம் கேஸ் செக் பண்றேன். காத்து நல்லா போயும் ஐஸ் கட்டுதுன்னா கேஸ் கம்மியா இருக்கணும். புது மிஷினு, அதான் எனக்கே புரியல.”

அந்த நேரத்தில் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. காரிலிருந்து முதலில் இறங்கியது ஒரு பெரிய பெட்டி. பிறகு சரஸ்வதி.

ஞாயிற்றுக்கிழமை வர வேண்டியவர் சனிக்கிழமையே ஏன் வந்தார் என்று கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை. அம்சவள்ளி பெட்டியைப் பார்த்தாள். கீதாவின் துணிமணிகளைத் திருப்பி எடுத்துப்போகத்தான் காலிப் பெட்டியோடு வந்திருக்கிறார் என்பது அவளுக்கு விளங்கியது. தனக்கோடிக்கும் அதுதான் விளங்கியது.

“வாங்க சம்மந்தி” என்றார், இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டே. கும்பிடக் கையை எடுத்தால் பை விழும்.

சரஸ்வதி அவரை மேலும் கீழும் பார்த்தார். “இன்னாண்ணே, மாசாமாசம் நீங்களும் கீதாவோட போட்டி போடுறீங்களா? இம்மாம் வயிறு போட்டுட்டீங்க?”

“வாயு சம்மந்தி.”

சரஸ்வதி நேராக ஏசி அறைக்குள் போனார். மருமகள் கூடத்துப் பாயிலிருந்து எழுவதையும், ஏணியையும், சுவரின் ஈரத்தையும், நனைந்த சித்திரை மாதத்தையும் ஒரே பார்வையில் கணக்கெடுத்துக்கொண்டார். ஏசிக்கு நேர் கீழே நின்று அண்ணாந்து, “இது ஓடுதா ஓடலயா?” என்று கேட்டார். கேட்ட வாய் மூடுவதற்குள் மேலிருந்து கொழுத்த ஒரு சொட்டு, குறி பார்த்ததுபோல உள்ளே விழுந்தது.

“தூ! இன்னாது இது, உப்பு கரிக்குது!”

மேரிசெல்வி திரும்பினாள். “ஏசித் தண்ணி கரிக்காதும்மா. காத்துல இருக்கற ஈரம்தான் தண்ணியா வடியுது, மழத்தண்ணி மாதிரி சப்புனு இருக்கணும்.” விரலில் ஒரு சொட்டு பிடித்து நாக்கில் வைத்தாள். அவள் முகம் மாறியது. இன்னொரு சொட்டு வைத்தாள். “அய்யய்யோ, கடல் தண்ணியவிட மோசமா இருக்குதே! அலைக்குப் பக்கத்துலயே இருக்கற விடுதில கூட நான் இப்பிடிப் பாத்ததில்ல. ஒரு வாரத்துல உள்கம்பி, அதான் இந்தக் காயில், பூரா உப்பு ஏறியிருக்குதுன்னா இந்த வூட்டுக் காத்து அப்பிடி. உப்பு அரிச்சு கேஸ் கசியுதோ என்னவோ. கழட்டி எடுத்துனு போய்தான் பாக்கணும். பத்து பதினஞ்சு நாளு ஆவும்.”

மேலே ஐஸ் கரைந்து சொட்டிக்கொண்டே இருந்தது.

“கேட்டியா அம்சவள்ளி?” என்றார் சரஸ்வதி. குரலில் கோபம்கூட இல்லை, அதுதான் பயமாக இருந்தது. “இரும்பையே அரிக்கற காத்து. பச்சப் புள்ள மூச்சு விடற காத்தா இது? கீதா, துணிமணிய எடுத்து வை.”

கீதா கொடியில் கிடந்த நைட்டியை எடுத்து மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடியும் மடித்தாள். அம்சவள்ளி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுப்படிப் பக்கம் திரும்பிவிட்டாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், மகள் இருந்துவிடுவாள். ஆனால் சொன்னால் மானம் போகும், அதுவும் இந்தம்மாள் முன்னால். இதற்குள் பையிலிருந்து இறங்கிய தண்ணீர் வேட்டியை முன்பக்கமாக நனைத்து, முழங்காலைத் தாண்டி, தரையில் சின்னக் குளமாகத் தேங்கிவிட்டது. சரஸ்வதியின் பார்வை அந்தக் குளத்தில் விழுந்தது. அங்கிருந்து மேலே ஏறி, பாதியில் நின்று, சடாரென்று ஜன்னல் பக்கம் போய்விட்டது.

“அண்ணனுக்கு சுகர் இருக்குதா?” என்று ஜன்னலைப் பார்த்தே மெதுவாகக் கேட்டார்.

அந்தக் கேள்வியைக்கூடத் தனக்கோடி தாங்கிக்கொண்டிருப்பார். ஆனால் சரஸ்வதி நாக்கை மறுபடியும் சப்புக்கொட்டி, “இன்னா கசப்பு! இன்னும் வாயில நிக்குது. இதான் உங்க ஊரு உப்பு லட்சணமா?” என்றார்.

“கசப்பா?” தனக்கோடியின் குரல் வீட்டையே உலுக்கியது. “கசப்பா சம்மந்தி? மூணாம் பாத்தி உப்பு அது! அதப் போயி கசப்புன்றீங்களே! நீங்க வேற எதுவேணா சொல்லுங்க. இந்த உப்புல ஒரு துளி கசப்பு இருந்துச்சுன்னா நான் மேஸ்திரி வேலயவே வுட்டுடறேன்!”

மேரிசெல்வி ஏணிமேல் அப்படியே நின்றாள். “ஐயா, ஏசித் தண்ணில மூணாம் பாத்தி உப்பு எப்பிடி வந்துச்சு?”

தனக்கோடி எல்லாரையும் ஒரு சுற்று பார்த்தார். மகள் கையில் பாதி மடித்த நைட்டி இருந்தது. அவர் சட்டையைத் தூக்கினார். கோணி ஊசித் தையல் போட்ட பை சொத்தென்று தரையில் விழுந்தது.

“வாளிக்குள்ள இன்னொண்ணு இருக்குது” என்றார்.

ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் சொன்னார். ஈரம், யோசனை, முதல் பை, இரண்டாம் பை, பதினாறு, விடிய விடிய ஓடியது, கடைசியாகத் தோசைத் திருப்பி. அம்சவள்ளி, “என் தோசத் திருப்பியா?” என்று அலறியதை யாரும் பொருட்படுத்தவில்லை.

முதலில் சிரித்தது கீதா. வயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். “அப்பா, ஏசிக்கே தலகாணி வச்சியாப்பா!”

மேரிசெல்வி சிரிப்பை அடக்கிக்கொண்டு ஏணியை விட்டு இறங்கினாள். “ஐயா, ஏசி குளுர உண்டாக்கறதில்ல. ரூம்ல இருக்கற சூட்ட எடுத்து வெளிய தள்ளுது, அவ்ளோதான். ரூம் காத்து இந்தக் காயில் மேல ஓடிக்கினே இருந்தாதான் காயில் ஒரு அளவுக்கு மேல சில்லாவாம இருக்கும். நீங்க பைய வச்சுக் காத்த நிறுத்திட்டீங்க. காத்து வரலன்னா சூடு வரல. சூடு வரலன்னா காயில் சில்லாயி சில்லாயி, ஒட்டுன ஈரமெல்லாம் ஐஸாயிடும். ஐஸ் கட்டினா இருக்கற காத்தும் போவாது. அப்புறம் இன்னும் ஐஸ்ஸு. பில்டர்ல அழுக்கு சேந்தாலும் இதே கததான். நீங்க அழுக்குக்குப் பதிலா உப்ப வச்சீங்க.”

தனக்கோடி தலையைச் சொறிந்தார். மூன்று நாளாக விளங்காதது ஒரு நொடியில் விளங்கியது, அதுவும் அவருடைய சொந்தத் தொழிலிலேயே. “ஓடற தண்ணில உப்பு கட்டாது. மடைய அடச்சுத் தேக்கினாதான் கட்டும். நான் காத்துக்கு மடைய அடச்சுட்டேன்.”

“அதேதாங்கய்யா.”

“முப்பது வருசமா மடைய அடச்ச கை பாரு.”

“கேஸ் நல்லாதான் இருக்கும்னு நெனைக்கறேன். இன்னும் ரெண்டு நாளு ஐஸ்ஸோட ஓட்டியிருந்தா கம்ப்ரசர் போயிருக்கும். அது போச்சுன்னா மிஷினே போச்சு.”

இதைக் கேட்டதும் சரஸ்வதி லேசாகச் செருமினார். அப்போது யாரும் அதைக் கவனிக்கவில்லை.

தனக்கோடி வேட்டி மாற்றிக்கொள்ளப் பின்பக்கம் போனார். குழாயடியில் வயிற்று உப்பைக் கழுவிக்கொண்டிருந்தபோது, ஏசி அறை ஜன்னல் வழியாகச் சம்பந்தியம்மாளின் குரல் கேட்டது. அந்தக் குரல் அவ்வளவு தாழ்ந்து அவர் கேட்டதே இல்லை.

“ஏம்மா பொண்ணு, ஒரு சந்தேகம். வாசத்துக்குன்னு வெட்டிவேரு தட்டி ஒண்ணு உள்ள வச்சா, அதுவும் இப்பிடித்தான் ஆவுமா?”

“எங்கம்மா வச்சீங்க?”

“பில்டருக்குப் பின்னால. தை மாசம் வச்சேன்.”

“ஐஸ் கட்டுச்சா?”

“கட்டுச்சு. நான் கம்பெனிக்காரனத் திட்டிக்கினே ஓட்டினேன். கீதா கெளம்பின மறுநாளு கம்ப்ரசர் போயிடுச்சுன்னு கழட்டி எடுத்துனு பூட்டான்.” குரல் இன்னும் தாழ்ந்தது. “தட்டிய நான் முன்னாடியே உருவி பரண்மேல போட்டுட்டேன். என் புள்ளைக்குக் கூடத் தெரியாது. இவங்க கிட்ட சொல்லிடாத.”

தனக்கோடி குழாயைச் சத்தமில்லாமல் மூடினார். ஈர வயிற்றோடு நின்று, சுவரைப் பார்த்து, ஒரு நிமிஷம் ஓசையில்லாமல் குலுங்கிச் சிரித்தார். அந்தப் பெண்பிள்ளைமேல் முதல் தடவையாக அவருக்குப் பாசம் வந்தது. பரணும் வாளியும் ஒரே சாதிதான்.

பன்னிரண்டு மணிக்கு ஐஸ் முழுக்கக் கரைந்தது. மேரிசெல்வி காயிலில் நல்ல தண்ணீர் விட்டு உப்புப் போகக் கழுவினாள். மடங்கிய தகடுகளைச் சின்னச் சீப்பு ஒன்றால் நிமிர்த்தினாள். வெளியே இருந்த பெட்டியையும் தூசி போக அலசினாள், கேஸையும் அளந்து பார்த்தாள். பிறகு இருபத்து நாலில் வைத்து, விசிறி வேகத்தைக் கூட்டி ஓடவிட்டாள். “பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவ பில்டர மட்டும் எடுத்துக் கழுவுங்க. திரும்ப ஐஸ் கட்டினா குளுர நிறுத்திட்டு வெறும் விசிறிய ஓடவுடுங்க. உள்ள எதையும் வைக்காதீங்க” என்று சொல்லிவிட்டு, கடைசி வாக்கியத்தின்போது ஒருவர் மாற்றி ஒருவராக இரண்டு பேர் முகத்தைப் பார்த்துவிட்டு, ஏணியைக் கட்டிக்கொண்டு போனாள்.

அறை குளிர்ந்தது. சொட்டு இல்லை, வெள்ளை இல்லை. சரஸ்வதி சாப்பிட்டுவிட்டு, “சும்மா செத்த நேரம் படுத்துப் பாக்கறேன், குளுரு நிக்குதான்னு” என்று கட்டிலில் சாய்ந்தவர் நாலரை மணிவரை குறட்டை விட்டார். கூடத்தில் மற்ற மூவரும் பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவர்களாட்டம் உட்கார்ந்திருந்தார்கள். மடித்த நைட்டி கீதாவின் மடியிலேயே இருந்தது.

கதவு திறந்தது. சரஸ்வதி கொண்டையை முடிந்துகொண்டே வந்தார்.

“நல்லாதான் இருக்குது. கீதா இங்கயே இருக்கட்டும்.”

அம்சவள்ளி எழுந்து போய்ச் சம்பந்தியின் கையைப் பிடித்துக்கொண்டாள். கீதா நைட்டியைக் கொடியில் வீசினாள். தனக்கோடிக்கு ஆஸ்பத்திரி வாசல் தெரிந்தது, துணிச்சுருள் தெரிந்தது, ஏந்துகிற தன் கை தெரிந்தது. தோள் துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தார்.

“அந்தப் பொட்டிய எடுத்தாங்கண்ணே” என்றார் சரஸ்வதி.

ஊருக்குக் கிளம்புகிறார் போலிருக்கிறது, காரில் வைக்க வேண்டும் என்று தனக்கோடி துள்ளி எழுந்து போய்க் காலிப் பெட்டியைத் தூக்கினார். பெட்டி அவரைக் கீழே இழுத்தது. வாசல் பக்கம் திரும்பியவரைச் சரஸ்வதி, “அங்க இல்ல, உள்ள” என்று மடக்கினார். ஏசி அறைக்குள் வைத்துத் திறந்தார். பத்துப் புடவைகள், ஒரு தலையணை, பிபி மாத்திரை, முறுக்கு டின், மூலையில் ஒரு சின்னச் சாமி படம்.

“சரவணன் சென்னைல. கீதா இங்க. அந்த வூட்ல நான் ஒண்டியா உக்காந்து செவுத்தையா பாக்கறது? இந்த அஞ்சு நாளே என்னால முடியல.” சொல்லும்போது குரல் லேசாகப் பிசிறியது. உடனே சரிப்படுத்திக்கொண்டார். “ஏசியும் இல்ல. பிரசவம் ஆயி, புள்ளைக்கு மூணு மாசம் ஆவட்டும். அப்புறம் எல்லாரும் ஒண்ணாவே போறோம்.”

தனக்கோடி விரல் விட்டு எண்ணினார். ஐந்து மாதம் வந்தது. மறுபடி எண்ணிப் பார்த்தார், ஐந்து மாதம்தான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் பின்கட்டில் நின்றார். கொடியில் காயப்போட்ட உப்புப் பைகள் வெயிலில் முறுகி மறுபடி வெள்ளையாகப் பூத்திருந்தன. அறைக்குள் மூன்று பெண்களும் எதற்கோ சிரித்தார்கள். சட்டை எடுக்க அவர் கதவை நாலு விரற்கடை திறந்தபோது, “குளுரு போவுது, சாத்துங்கண்ணே!” என்று உள்ளிருந்து உத்தரவு வந்தது. சொந்த வீட்டில், சொந்தக் கதவைச் சாத்திவிட்டு, சட்டையில்லாமல் திரும்பி வந்த தனக்கோடி கொடியிலிருந்து ஒரு பையை உருவினார். கையில் வைத்துக் கனம் பார்த்தார். நல்ல கனம். ஒரு பை வைத்தாலே மூன்று நாளில் ஏசி நின்றுவிடும், சம்பந்தியம்மாளும் கிளம்பிவிடுவார்.

“ஏங்க” என்றாள் அம்சவள்ளி. எப்போது வந்தாளோ, அடுப்படி வாசலில் தோசைத் திருப்பியோடு நின்றிருந்தாள்.

“பாத்திக்கு எடுத்துனு போறேன்” என்றார் தனக்கோடி.

சொன்னபடியே இரண்டு பைகளையும் சைக்கிளில் மாட்டிக்கொண்டு அளத்துக்குப் போய், மூன்றாம் பாத்தி வரப்பில் பிரித்துக் கொட்டிவிட்டுத்தான் திரும்பினார். வீட்டில் வைத்திருந்தால் தன் கை சும்மா இருக்காது என்பது அவருக்கே தெரியும்.